காற்றுக்கு வைத்த கல்

சோளகம் தொடங்கிவிட்டால் பத்தாம் வாய்க்கால் சனங்கள் கோப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டுதான் சாப்பிடவேண்டும். வெட்டி முடித்த வயல்களில் இருந்து எழும்பும் புழுதி கறிக்குள்ளும் விழும், கண்ணுக்குள்ளும் விழும். கொடியில் காயப்போட்ட துணியை அடுத்த வளவில்தான் போய்த் தேடவேண்டும். வைகாசியில் பிடித்தால் புரட்டாதி மட்டும் அந்தக் காற்றுக்கு ஓய்வென்பது அருமை. முந்தியெல்லாம் அதைத் திட்டாத வாய் அந்தக் குடியேற்றத்தில் கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வந்த சோளகத்தை மட்டும் ஒருவரும் திட்டவில்லை. பரமலிங்கத்தின் வளவில் காற்றாடி சுற்றத் தொடங்கியிருந்தது.

பரமலிங்கம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பகுதியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு தொழிற்சாலை மூடப்பட்டது, வீடும் போனது. மனைவி கமலேஸ்வரியின் தகப்பனுக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் பத்தாம் வாய்க்காலில் குடியேற்றக் காணி இருந்தபடியால் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மின்சாரக்காரர் வந்து சேர்ந்த நேரம் பார்த்து வன்னி முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. மண்வெட்டி பிடித்தால் அவருக்குக் கை கொப்பளிக்கும். வரம்பு கட்டினால் அது அவர் கட்டின வரம்பு என்று தண்ணீருக்கே தெரிந்துவிடும். கமலேஸ்வரிதான் வயலைப் பார்த்தாள். அவர் பழைய இரும்புகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தார்.

மண்ணெண்ணெய் தடைசெய்த சாமான். வவுனியாப் பக்கத்தால் ஒளித்தும் மறைத்தும் வருகிற ஒன்றிரண்டு கலனுக்குக் கொண்டுவந்தவன் சொன்னதுதான் விலை. வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, நாலு துளி எண்ணெய் விட்டு, பொட்டு விளக்கு எரித்தார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் கார்ப் பற்றறி ஒன்றை வைத்து ஒரு சின்ன லைற்றும் றேடியோவும் போட்டார்கள். பற்றறி இறங்கினால் சந்தியில் கடை வைத்திருந்த செல்வநாயகத்திடம் கொண்டுபோகவேண்டும். அவரிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் ஒன்று இருந்தது. ஒரு பற்றறி ஏற்ற மூன்று கொத்து அரிசி. காசு வாங்கமாட்டார். காசை வைத்து என்ன செய்வது என்று அந்த நாளில் ஒருவருக்கும் தெரியாது.

காற்றாடி எழும்பியதற்குப் பரமலிங்கத்தின் மூளை பாதி என்றால் ராசுவின் கை மறுபாதி. ராசு மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிவாங்கி, மனைவி வீரம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவன். அந்தக் கைக்குழந்தை நிசாந்தினிக்கு இப்போது பதினேழு வயது, கலியாணமும் முடிந்து வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். புருசன் நெடுங்கேணிக் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தான்.

ராசு வேப்பம்பலகையில் மூன்று இறக்கை செதுக்கினான். பரமலிங்கம் எரிந்துபோன லொறியொன்றில் கழற்றிய டைனமோவைப் பூட்டினார். பனங்குற்றி இரண்டை நட்டு, எட்டு வீட்டு ஆண்கள் கயிறு பிடித்து இழுத்து, காற்றாடியை மேலே ஏற்றினார்கள். கமலேஸ்வரியும் வீரம்மாவும் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, பயறும் தேங்காய்ப்பாலும் விட்டு எல்லாருக்கும் ஊற்றினார்கள். இறக்கை முதல் சுற்றுச் சுற்றியபோது ராசு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கஞ்சி ஆறிப்போனது கூட அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் அம்மன் கோயில் பொங்கல். பரமலிங்கம் ஒரு பற்றறிக்கு ஒரு கொத்து அரிசி என்று சொல்லியிருந்தார். செல்வநாயகம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நாலு பேர் கேட்கக்கூடியதாகத்தான் சொன்னார்.

"தம்பி பரமலிங்கம், இண்டைக்கு ஒரு கொத்து எண்டுவீர். எண்ணெய் ஏறட்டும், நாளைக்கு என்ரை விலைதான் உம்மடை விலையும். நான் எழுதித்தாறன்."

பரமலிங்கத்துக்கு ரோசம் வந்தால் யோசனை வராது. நேரே சந்நிதிக்குப் போனார். தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அடித்து அணைத்தார்.

"அம்மாளாணை. எண்ணெய் என்ன விலை வித்தாலும் என்னட்டை ஒரு கொத்துத்தான். ஆர் வந்தாலும் வந்த வரிசைதான். கோயில் பற்றறிக்கும் வரிசைதான், என்ரை பற்றறிக்கும் வரிசைதான்."

சனம் அரோகரா சொன்னது. கமலேஸ்வரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் கணவனின் உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள்.

வரிசையைப் பார்ப்பது அவளுடைய பொறுப்பு. நல்ல காற்றென்றால் காற்றாடி ஒரு நாளைக்கு இரண்டு பற்றறி ஏற்றும். காற்று விழுந்தால் ஒன்று. இறங்கின பற்றறியைக் காவிக்கொண்டு வந்து நாள்கணக்கில் காத்திருக்க ஏலாதென்று சனங்கள் கல் வைத்தார்கள். சங்கக்கடையில் நிவாரணம் எடுக்க விடிய முதலே கல் வைத்து இடம்பிடித்துப் பழகின சனம் அது. அவரவர் கல்லுக்குக் கரியாலோ சுண்ணாம்பாலோ ஒரு குறி இருக்கும். பனங்குற்றியில் இருந்து வேலி மட்டும் கற்கள் வரிசையாகக் கிடக்கும். காலையில் எழும்பி முற்றம் கூட்டும்போது கமலேஸ்வரி அந்தக் கற்களுக்கு வலிக்காமல் கூட்டுவாள். அடுத்தவன் இடம் அரை அடி தள்ளிப்போனாலும் பெரிய கதையாகிவிடும்.

வீரம்மாவின் கல் வட்டமாக, ஒரு பக்கம் மஞ்சள் பூசியிருக்கும். அவள் வீட்டில் பற்றறி இல்லை. கமலேஸ்வரி முதல் நாளே கேட்டுச் சிரித்தாள்.

"என்னடி வீரம்மா, வயித்திலயோ சார்ச் ஏத்தப் போறாய்?"

"கெடக்கட்டுங்க்கா. மரம் செதுக்குன வீடு, ஒரு கல்லுகூட வைக்கக் கூடாதா? பொறகு எதுக்காச்சும் ஒதவும்."

இருவரும் அப்படித்தான். வீரம்மா கமலேஸ்வரியின் வயலில் களை பிடுங்க வருவாள். பிடுங்கி முடிந்ததும் இருவரும் வாய்க்கால் கட்டில் இருந்து, குரக்கன் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பங்குபோட்டுத் தின்பார்கள். ஊரில் சில பெண்கள் இதைப் பார்த்து கூலிக்காரியோடு ஒரே கோப்பையா என்று வாய்க்குள் சொல்வதும் உண்டு. கமலேஸ்வரி காதில் போட்டுக்கொள்வதில்லை. இடம்பெயர்ந்து வந்த நாளில் காய்ச்சலில் கிடந்தவளுக்கு அரிசிக்கஞ்சி ஊற்றியவள் வீரம்மா. வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனி மாதம் எண்ணெய் விலை ஏறியது. வவுனியாவுக்குப் போகிற தாண்டிக்குளத்தில் பாதை பூட்டிவிட்டார்கள் என்றார்கள். செல்வநாயகம் மூன்று கொத்தை ஐந்தாக்கினார். அன்று காலை கமலேஸ்வரி முற்றத்தில் இரண்டு பேர் குசுகுசுப்பதைக் கண்டாள். வீடியோப் படம் போடுகிற விஜிதரன் ஒரு கிழவனோடு நின்றான். ஊர் ஊராக டெக்கும் ரீவியும் காவித் திரிந்து கலியாண வீடுகளில் படம் போடுகிறவன் அவன். பற்றறி இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பில்லை. கிழவனின் கல் வரிசையில் இரண்டாவது. விஜிதரன் ஒரு பையைக் கொடுத்தான், கிழவன் கல்லைக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த நாளும் அதே கதை, வேறொருவரின் கல். கமலேஸ்வரி விசாரித்தாள். போன கிழமை ஒரு கல் இரண்டு கொத்து. இப்போது நாலு.

அன்று மத்தியானம் கணவனுக்கு மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை முத்தத்தில கல்லு விலைப்படுது தெரியுமோ?"

"என்ன கல்லு?"

"வரிசைக் கல்லு. போன கிழமை ரெண்டு கொத்து, இந்தக் கிழமை நாலு. அதோடை எங்கடை ஒரு கொத்தையும் சேத்துப் பாருங்கோ."

பரமலிங்கம் கிழங்கைப் பிட்டபடி யோசித்தார். "அஞ்சு."

"செல்வநாயகத்தார் கேக்கிறது எவ்வளவு?"

"அஞ்சு." அவர் கை நின்றது. "அதென்ன கூத்து? அவருக்கு எண்ணெய் ஏறினால் அவர் கூட்டுறார். என்ரை காத்தாடிக்கு ஆர் எண்ணெய் ஊத்தினது?"

"காத்துக்கு ஒண்டும் ஏறேல்லை. நிறைஞ்ச பற்றறிக்குத்தான் ஏறினது. இந்தச் சுத்துவட்டாரத்தில நாளைக்கு எட்டுப் பத்துப் பற்றறி ஏறவேணும். நீங்கள் ரெண்டு ஏத்துவியள். மிச்சமெல்லாம் எஞ்சினிலதானே ஏறவேணும்? உங்களிட்டைக் கிடையாதவன் அங்கை அஞ்சு குடுத்துத்தான் ஏத்துறான். அப்ப நிறைஞ்ச பற்றறியின்ரை விலை அஞ்சு. அது காத்தில நிறைஞ்சதோ எண்ணெயில நிறைஞ்சதோ, லைற்றைப் போட்டால் ஒரே வெளிச்சந்தானே."

"அதுக்காக?"

"நெல்லைப் பாருங்கோவன். மழைத் தண்ணியில விளைஞ்ச நெல்லும் கிடக்கு, பம் வைச்சு இறைச்சு விளைஞ்ச நெல்லும் கிடக்கு. சந்தையில ரெண்டும் ஒரே விலை. இறைச்சவனுக்குக் கட்டுப்படியாகாட்டி அவன் விதைக்கான், அவன் விதைக்காட்டி ஊருக்கு நெல்லுக் காணாது. அப்ப இறைச்சவன்ரை விலைதான் எல்லாருக்கும். மழையில விதைச்சவன் ஒரு கை குறைச்சு வித்தாலும் அதை வாங்கிறவன் அடுத்த மூலையில சந்தை விலைக்குத்தான் விப்பான்."

பரமலிங்கத்துக்கு விளங்கியது. விளங்கியதுதான் கோபம். "அப்ப நான் கற்பூரம் அணைச்சு விட்டுக்குடுத்த நாலு கொத்தும்..."

"கல்லு வைச்சவனுக்குப் போகுது. லைற்றுத் தேவைப்பட்டவனுக்கு அஞ்சுக்கு அஞ்சுதான்."

அவர் கை கழுவிவிட்டுக் காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இன்னும் நாலு காத்தாடி நிண்டால் எஞ்சினே தேவையில்லை. அண்டைக்குத்தான் காத்து காத்தின்ரை விலைக்கு வரும். ஆனா டைனமோவுக்கும் பெயாரிங்குக்கும் ஒரு கொத்து அரிசியில நான் எங்கை போறது?"

"அப்ப விலையைக் கூட்டுங்கோ. கூட்டி, அதிலை ரெண்டாவதைக் கட்டுங்கோ."

"அம்மாளுக்கு முன்னாலை கற்பூரம் அணைச்சனான் கமலா. செல்வநாயகம் சிரிக்கிற சிரிப்பை நான் பாக்கேலாது."

அந்தக் கதை அத்தோடு நின்றது. அவர் பொல்லாதவரல்ல. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். அந்தப் பிடிவாதத்தின்மேல் கமலேஸ்வரிக்கும் ஒரு மரியாதை இருந்தது. அவளுடைய பிழையும் அதுதான்.

வீரம்மாவும் கல் விற்றாள். அதை அவள் ஒளிக்கவில்லை. ஒருநாள் மடியில் ஆறு முட்டையோடு வந்து காட்டினாள்.

"புள்ளைக்கு ரெத்தம் பத்தாதுன்னு மிஸி சொன்னாங்கக்கா. முட்ட குடு, கருவாடு குடு, கீரை குடுங்குறாங்க. கீரை புடுங்கிடலாம். முட்டைக்கு எங்க போறது? அந்த வீடியோத் தம்பி கல்லுக்கு முட்டையாவே குடுத்துட்டான். தப்பாக்கா?"

"என்ன தப்பு? ஊரே விக்குது. நீயாவது முட்டை வாங்கிறாய்."

"ஐயா கோவிச்சுக்குவாங்களா?"

"அவருக்குக் கல்லிலை கோவமில்லை. தன்னிலைதான் கோவம்."

மிஸி என்று அவள் சொன்னது மருத்துவிச்சி சிவனேஸ்வரியை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் உழவு இயந்திரம் பிடிக்கவேண்டும், உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றவேண்டும். அதனால் பத்தாம் வாய்க்கால் பிள்ளைகள் அந்த நாளில் சிவனேஸ்வரியின் ஓலைக் கொட்டிலிலேயே பிறந்தன. அவளிடம் ஒரு பற்றறியும் ஒரு டியூப் லைற்றும் இருந்தன. அந்தப் பற்றறிக்கும் அவள் கல் வைத்தாள். முதலில் விட்டிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அதற்கு முன்னால் அப்படிச் சொன்ன ஒருவரும் இல்லை.

ஆடி நடுப்பகுதியில் காற்று விழுந்தது. சோளகத்தில் இப்படி ஒரு கிழமை வரும். இலை அசையாது, வேர்த்துக் கொட்டும், காற்றாடி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். நாளுக்கு ஒரு பற்றறி ஏறுவதே பெரும்பாடு. அந்த வியாழக்கிழமை காலை வரிசையில் முதல் கல் வீரம்மாவினது. விடியவே விஜிதரன் பற்றறியைக் கொண்டுவந்து வைத்தான். வீரம்மா முதல் நாள் விடியவே அவனுக்குக் கல்லைக் காட்டிக்கொடுத்து, முட்டையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போயிருந்தாள்.

சிவனேஸ்வரி மிஸி எட்டு மணிபோல் குடையைப் பிடித்தபடி சைக்கிளில் வந்தாள். அவளுடைய கல் இரண்டாவது. பற்றறி முதல் நாளே வந்து திண்ணைக் குந்தில் இருந்தது.

"கமலேஸ்வரி, என்ரை இண்டைக்கு ஏறுமோ?"

"காத்தைப் பாருங்கோ மிஸி. ஒண்டுதான் ஏறும். உங்கடை நாளைக்கு."

"இப்ப ஒருத்தருக்கும் நாளில்லைத்தான். ராசுவின்ரை பிள்ளைக்கும் இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. ஆனால் பிள்ளையள் என்ரை கலண்டரைப் பாத்தே வருகுதுகள்? லைற் செத்து மூண்டு நாள்."

கமலேஸ்வரி விஜிதரனின் பற்றறியில் கொழுவியிருந்த வயரைப் பார்த்தாள். கழற்றி அடுத்ததில் கொழுவ ஒரு நிமிடம் கூட ஆகாது. மிஸியை நிற்கச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். பரமலிங்கம் தேய்ந்துபோன பெயாரிங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, மிஸியின்ரையை முன்னுக்குக் கொழுவட்டோ? விஜிதரனுக்குப் படந்தானே, ஒரு நாள் பிந்தினால் என்ன?"

"விஜிதரனுக்குச் சொன்னால் விளங்கும். நாளைக்குக் கோயில்காரர் வருவினம், நாளண்டைக்கு உன்ரை அப்பாவின்ரை ஆக்கள் வருவினம். ஒரு கல்லை நகத்தினால் எல்லாக் கல்லும் நகரும் கமலா. நான் வரிசையெண்டும் சேத்துத்தானே சத்தியம் பண்ணினனான். நாளைக்கு முதல் வேலை மிஸியின்ரை."

கமலேஸ்வரி திரும்பி வந்தாள். வயரை இன்னொருமுறை பார்த்தாள். கை போகவில்லை. மிஸி "சரி, நாளைக்கு ஆளனுப்பிறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். அவ்வளவுதான் நடந்தது. அதைவிடச் சின்ன விசயம் அந்த முற்றத்தில் அந்த வருடம் நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை விடிந்து, கமலேஸ்வரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது ராசு படலையடியில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. சாரத்தில் சேறு. தலையில் கட்டும் துவாய் கையில் இருந்தது.

"ஐயா இருக்காங்களாம்மா?"

பரமலிங்கம் எழும்பி வந்தார். "என்ன ராசு, விடியக் காலமை?"

"றெக்கை செதுக்குன பலகைல மிச்சத் துண்டு ஒண்ணு கெடந்திச்சுங்களே. இருக்குங்களா?"

"கிடக்கு. என்னத்துக்கு?"

ராசு துவாயை முறுக்கினான். "சின்னப் பொட்டி ஒண்ணு அடிக்கணும். நிசாந்தினிக்கு ராத்திரி ஆம்பளைப் புள்ளைங்க. தங்கல."

கமலேஸ்வரி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். பரமலிங்கம் கொட்டிலுக்குள் போய்ப் பலகையை எடுத்துவந்தார். ராசு அளவை முழங்கையில் இருந்து விரல்நுனி வரைக்கும் காட்டினான். முற்றத்திலேயே குந்தியிருந்து இருவரும் அந்தப் பெட்டியை அடித்தார்கள். காற்று இன்னும் விழுந்தே கிடந்தது. ஆணி அடிக்கும் சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

சிவனேஸ்வரி மிஸியைச் சுடலைக்குப் போகும் வழியில் கமலேஸ்வரி கண்டாள். மிஸியின் கண்கள் வீங்கியிருந்தன.

"கொடி கழுத்திலை சுத்தியிருந்தது. பொட்டு விளக்கை அவளின்ரை தாய் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். கை நடுங்கி நடுங்கி ரெண்டு தரம் அணைஞ்சுபோச்சு. நான் தடவித்தான் பாத்தன். ரெண்டு சுத்து. ஒண்டெண்டு நினைச்சு எடுத்தன்."

"லைற் இருந்திருந்தால்..." என்றாள் கமலேஸ்வரி.

"தப்பியிருக்குமெண்டு சத்தியம் பண்ணமாட்டன். வெளிச்சத்திலையும் செத்த பிள்ளையள் இருக்கு. ஆனால் நான் கண்டிருப்பன் கமலேஸ்வரி. ரெண்டு சுத்தெண்டு கண்ணாலை கண்டிருப்பன்."

சுடலையால் வந்து தலைமுழுகியதும் பரமலிங்கம் சாப்பிடவில்லை. நனைந்த வேட்டியோடு காற்றாடியடிக்குப் போனார். குனிந்து முதல் கல்லை எடுத்து வாய்க்காலுக்குள் எறிந்தார். பிறகு அடுத்ததை. இருபத்து மூன்று கற்கள். சனம் கூடிவிட்டது. கல்லை விலைகொடுத்து வாங்கியிருந்த ஒருவன் கத்தினான்.

"என்னய்யா இது? நாலு கொத்துக் குடுத்த கல்லு!"

"ஓம். இனி அந்த நாலையும் என்னட்டைத் தாங்கோ," என்றார் பரமலிங்கம். "இண்டையிலை இருந்து இஞ்சை அஞ்சு கொத்து. எஞ்சின் விலைதான் இஞ்சையும். அதிலை ரெண்டாவது காத்தாடி எழும்பும், மூண்டாவது எழும்பும். மிஸியின்ரை பற்றறி ஏறின பிறகுதான் மற்றதெல்லாம். மிஸியிட்டை ஒரு மணி அரிசியும் வாங்கமாட்டன்."

"கற்பூரம் அணைச்ச கை எது, வலக்கையோ இடக்கையோ?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

அவர் வலக்கையை விரித்துக் காட்டினார். "இதுதான். அம்மாள் தண்டிச்சால் இதைத் தண்டிக்கட்டும்."

அன்று பின்னேரமே செய்தி சந்திக்குப் போனது. செல்வநாயகம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டார். "இப்பதான் தம்பிக்கு வியாபாரம் பிடிபட்டிருக்கு எண்டு சொல்லு" என்று கொண்டுவந்தவனிடம் சொல்லியும் விட்டிருந்தார். பரமலிங்கம் அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வாழ்நாளில் அவரை அவ்வளவு கேவலப்படுத்திய சாமான் வேறொன்றும் இருந்திருக்காது. கமலேஸ்வரி அதை மாட்டுக்குப் போட்டாள்.

ஒரு மாதம் ஊர் அவர்களோடு சரியாகக் கதைக்கவில்லை. எண்ணெய் வியாபாரி என்று பட்டம் வந்தது. ஆனாலும் பற்றறிகள் வந்தன, வராமல் எங்கே போவது? கல் இல்லாதபடியால் தேவையில்லாதவன் வருவது நின்றது. சேர்ந்த அரிசியைக் கொடுத்து, வவுனியாவுக்குச் சைக்கிளில் போய்வருகிற ஒருவனைப் பிடித்து இரண்டு பெயாரிங் எடுப்பித்தார்கள். அவனும் எண்ணெய் விலையைச் சொல்லித்தான் கூலி கேட்டான். பழைய டைனமோ ஒன்று முறிகண்டிப் பக்கம் கிடைத்தது. ஆவணியில் காற்று மறுபடி பிடித்தபோது இரண்டாவது காற்றாடிக்கு ராசு குற்றி நடக் கிடங்கு வெட்டத் தொடங்கினான். பிள்ளை செத்த அடுத்த கிழமையே வேலைக்கு வந்துவிட்டான். வீரம்மா வரவில்லை.

அவள் வந்தது கிடங்கு வெட்டின இரண்டாம் நாள், மத்தியானம். ராசுவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். கமலேஸ்வரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, முருங்கை நிழலில் இருத்தி, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தாள். பரமலிங்கம் சற்றுத் தள்ளி இறக்கைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"பால் கட்டிக்கிச்சுக்கா. ராவெல்லாம் அழுவுறா. மல்லியப்பூ வச்சுக் கட்டிவிட்டேன். இன்னைக்கிதான் கொஞ்சம் வத்தியிருக்கு."

"சாப்பிடுறாளோ?"

"நான் ஊட்டினாத்தான் தின்னுறா. வேற யாரு கையாலயும் வாங்குறதில்ல. அவ புருசன் வந்து நின்னுக்கிட்டு இருக்கான், அவன் கையாலயும் வாங்க மாட்டேங்குறா."

ராசுவின் அலவாங்கு மண்ணில் குத்துகிற சத்தம் கேட்டது. வீரம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி வியாழக்கெழம மிஸி வந்தாங்களாமே. அவங்க பேட்டரி ஏறலன்னு திரும்பிப் போனாங்களாமே."

"ஓம்."

"அன்னைக்கி ஏறுனது யாரு கல்லு?"

பரமலிங்கத்தின் துளையிடும் கை நின்றது. கமலேஸ்வரி வீரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. முதல் நாளே கல்லைக் காட்டிக் கொடுத்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவளுக்கு அந்தக் கல்லில் பற்றறி ஏறினது எந்த நாள் என்று எப்படித் தெரியும்? ஆனால் அந்த நினைப்பு அவளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு மாதமாகக் கேட்க வராமல் இருந்ததும் அதனால்தான், இன்றைக்குக் கேட்க வந்ததும் அதனால்தான். கண்கள் இமைக்காமல் பதிலுக்காக நின்றன.

"என்ரை," என்றாள்.

"ஒங்களதா?"

"ஓம். எங்கடை பற்றறி. றேடியோக் கேக்க ஏத்தினனான். மிஸி வந்து கேட்டவா. நாளைக்கு எண்டு நான்தான் திருப்பி அனுப்பினனான்."

"எங் கல்லு?"

"உன்ரை கல்லிலை விஜிதரன்ரை பற்றறி புதன்கிழமையே ஏறி முடிஞ்சுது. அதைத்தான் அவன் வியாழன் எடுத்துக்கொண்டு போனவன்."

வீரம்மா நெடுநேரம் அவளைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் இரண்டும் இறங்கின. ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. கமலேஸ்வரி எதிர்பார்த்திருந்தது போலத்தான் மாறியது.

"றேடியோ கேக்க," என்றாள் வீரம்மா. குரல் உயரவில்லை. எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ராசு சாப்பிட்டு முடித்த கோப்பையை எடுத்துக் கூடைக்குள் வைத்தாள். தேத்தண்ணியை அவள் பாதிதான் குடித்திருந்தாள்.

"நான் வர்றேங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினாறு வருடம் முன்னால் கூலி கேட்டு எந்த வளவுக்குப் போனாலும் சொன்ன அதே 'அம்மா' அது, அக்கா அல்ல. படலையைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல், வாய்க்கால் கட்டால் நடந்தாள்.

பரமலிங்கம் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ கமலா? அது அவளின்ரை கல்லெல்லே. இனி அவள் உன்ரை முகத்திலை முழிக்கமாட்டாள்."

கமலேஸ்வரி மிச்சத் தேத்தண்ணியை முருங்கையடியில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவக் கொண்டுபோனவள் பாதியில் நின்று, முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

"தாயின்ரை கையைத் தவிர வேறை ஆற்றை கையாலும் பிள்ளை சோறு வாங்கிறாளில்லையாம்," என்றாள். "அந்தக் கை நடுங்கப்படாது."